வாங்கி வரிசை

முதலில் சீக்கு வரவேண்டிய வரிசைக்குச் சீக்கு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். வெளியாள் கேட்டால், நல்லதுதானே, இதற்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்பான். கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய கோளாறு என்று தெரியும்.

புது ரகம் ஒன்று துருநோயைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால் நோயை வலிய அழைத்து வரவேண்டும். அதற்காகப் பாத்திகளைச் சுற்றி ஒரு நோஞ்சான் ரகத்தை வேலிபோல விதைப்பார்கள். போகிற வருகிற நோயையெல்லாம் அது முதலில் வாங்கிக்கொள்ளும். வாங்கியதைப் பெருக்கி நடுவில் நிற்கும் பயிருக்கு அனுப்பும். அதற்காகவே பிறந்த சென்மம். பண்ணையில் அதற்கு வாங்கி வரிசை என்று பெயர். இந்நேரம் செங்கல் தூளைக் கொட்டி வைத்ததுபோல இருந்திருக்க வேண்டும். அதுவோ பச்சைப் பசேலென்று, பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி நின்றது. வரிசையோரம் நின்றவர் ஒரு இலையைக் கிள்ளிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். பச்சைதான் ஒட்டியது.

அவரைப் பண்ணையில் எல்லோரும் நோய்க்காரர் என்பார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, கருங்கல் மாதிரி மனுஷன். நோய் பிடித்த இலையைத் தட்டித் தாளில் உதிர்த்த துருத்தூளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துக் குளிர்பெட்டியில் காப்பாற்றி வைத்து, பருவம் வந்ததும் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் பயிருக்கு அடிப்பது அவர் வேலை. பனி இறங்கி இலை நனைந்தால்தான் நோய் பிடிக்கும். அந்த வேலையோடு வேலையாகச் சொந்தமாக ஒரு ரகமும் வளர்த்தார். பூவைத் திறந்து, ஆண்பாகத்தை இடுக்கியால் பிடுங்கி, காகித உறை மாட்டி, இன்னொரு கதிரின் மகரந்தத்தைத் தூவி, ஒட்டுச் சேர்த்ததில் முக்காலும் கழித்துக் கட்டி, தலை நரைப்பதற்குள் தேறிய ஒரே பயிர். நோயைத் தாங்கும். விளைச்சல் சுமார்.

சகலையின் ரகம் அப்படி இல்லை. கதிர் ஒவ்வொன்றும் கனம் தாங்காமல் தலைகுனிந்து நின்றது. சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன்; இவரே பண்ணைத் தலைவரான பெரியவரிடம் சொல்லி வேலையில் சேர்த்துவிட்ட ஆள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டால் வேறென்ன நடக்கும். இந்த வருஷம் ஒரே ஒரு ரகத்தைத்தான் வெளியிடுவார்கள். நோய்ச் சோதனையில் தேறினால் சகலையுடையது. தேறாவிட்டால் இவருடையது. அடுத்த வருஷம் என்ற பேச்சு இவருக்குக் கிடையாது, ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு மனுஷன் ஆயுசைக் கொட்டி வளர்த்தது ஊர் வயல்களில் நிற்குமா, குப்பையில் போகுமா என்பது அந்தத் தூள் கையில் இருந்தது. தூள் அவர் கையில் இருந்தது.

ஒரு தடவை அடிக்கவேண்டியதைப் பல தடவை அடித்தார். எல்லோரும் கிளம்பினபிறகு, வெளிச்சம் மங்குகிற வேளையில், விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு சகலையின் பாத்திகளுக்குள் இறங்கி, குருத்துக்குள் குழாய் முனையை நுழைத்து நுழைத்து அடித்தார். தன் பாத்திப் பக்கம் காட்டின கை வேறு, அங்கே காட்டின கை வேறு. அப்படி அடித்தும் அந்தப் பயிரில் ஒரு பொட்டுக்கூட இல்லை. வாங்கியிலும் இல்லை. தூள் செத்துவிட்டதோ என்று தொட்டியில் நாற்று விட்டுத் தடவிப் பார்த்தார். பொரிப்பொரியாகப் பிடித்தது. தூள் உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் அடித்ததெல்லாம் எங்கே போயிற்று?

பண்ணைக் குடியிருப்பில் சகலை வீடும் இவர் வீடும் ஒட்டினாற்போல. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் கேட்கும். இவர் மனைவி அடிக்கடி அந்தப் பக்கம்தான் இருந்தாள். அக்காளும் தங்கையும் விதை அறையில் புடைக்கிற வேலைக்கு ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சகலை ஏதோ சொல்ல அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அது இந்த வீட்டில் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் பொறாமை என்பார்கள் என்று போனார். பெண்கள் இருவரும் உள்ளே பாத்திரம் கழுவும்போது சகலை நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. ரகம் வெளியாச்சுன்னா உங்க பேரையும் சேர்த்துப் போடலாம்னு இருக்கேன். பெரியவர்கிட்டயும் பேசிட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க இல்லாம நான் ஏது?"

திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். பிச்சை போடுகிறவனை எப்படிப் பொறுப்பது? அதுவும் உள்ளபடியே நல்ல மனசோடு போடுகிறவனை?

"உன் பயிர் மொதல்ல நோயைத் தாங்கட்டும்ப்பா. பேரை அப்புறம் போட்டுக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

சகலை சிரித்தான். "தாங்க வேண்டியதில்லைண்ணே. அதுகிட்ட நோய் வந்தாத்தானே தாங்க? வேற யாரோ வாங்கிக்கறாங்க போல."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். அப்படித்தான் இருக்க வேண்டும். வாசலைத் தாண்டும்போது மனைவி பின்னாலிருந்து, "என்னங்க, காதுக்குப் பின்னால என்னமோ மஞ்சளா ஒட்டியிருக்கு" என்றாள். துடைத்தார். விரலில் வந்தது. நல்ல செம்மஞ்சள்.

தூளோடு புழங்குகிறவன் மேல் தூள் ஒட்டாமல் என்ன செய்யும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று குளிக்கும்போது தண்ணீர் இரும்புக் குழாய்த் தண்ணீர் மாதிரி செந்நிறமாக ஓடியது, தேய்க்கத் தேய்க்க நிற்காமல் ஓடியது, குளியலறை முழுக்க அறுத்துப் போட்ட பச்சைப் புல்லும் ஈரத் துருவும் கலந்த ஒரு வாடை எழும்பி, ஈரத்துண்டிலும் சுவரிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலையில் தலையணை உறையில் அவர் முகம் கிடந்த இடம் அச்சடித்ததுபோல இருந்தது. நெற்றி, மூக்கு, தாடை. மனைவி உறையை உருவி உதறினாள். சன்னல் வெளிச்சத்தில் தூள் மெதுவாக எழும்பி, சுவரின் அந்தப் பக்கத்தை நோக்கிப் போனது.

சோறு இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் போதும் போலிருந்தது. வெயிலில் நிற்பது சுகமாக இருந்தது. அறைக்குள் நின்றாலும் முகம் தானாகச் சன்னல் பக்கம் திரும்பியது. முழங்கையின் உட்புறத்தில் நரம்போட்டத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசை பிடித்திருந்தன. அரிக்கவில்லை. வலிக்கவில்லை. நகத்தால் கீறினார். தோல் நீளவாக்கில் வெடித்தது. ரத்தம் வரவில்லை.

வைத்தியரிடம் போவதா? எதைக் காட்டி என்ன சொல்லிப் போவது? சகலையின் பயிருக்குத் திருட்டுத்தனமாக அடித்தேன், என்மேல் பிடித்துவிட்டது என்றா? கோதுமைச் சீக்கு மனுஷனுக்கு வராது. அது அவருக்குத் தெரியும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதிப்பெண் போடப் பெரியவர் வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் குளிர்பெட்டியில் இருந்த குப்பிகள் அத்தனையையும் தெளிப்பானில் கவிழ்த்தார். ஒரே நாளில் நோய் பிடித்துவிடாது என்று தெரியாதவரா? தெரியும். இலைமேல் நேரே தூளாகப் படிந்தாலாவது பார்க்கிறவன் கண்ணுக்கு நோயாகத் தெரியாதா என்ற ஆத்திரம். பொறாமைக்கு ஏது கணக்கு.

பண்ணை காலியாகியிருந்தது. மேற்கே வெளிச்சம் இன்னும் இருந்தது. பாத்திகளுக்குள் இறங்கி நின்றபோது பயிர் சலசலத்தது, மேல் இலைகள் ஒன்றோடொன்று உரசி, பக்கத்து அறையில் யாரோ புடவை மடிப்பதுபோல ஒரு சத்தம். நல்ல காற்று என்று நினைத்தார். வேலியோரத்து மரங்களைப் பார்த்தார். ஒரு இலை அசையவில்லை.

கைப்பிடியை அழுத்தினார். புகைபோலப் பாய்ந்த நீர் சகலையின் கதிர்களுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நின்று, யோசித்ததுபோல இருந்துவிட்டு, திரும்பியது. முகத்தில் ஈரமாக, குளிர்ச்சியாக வந்து படிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி திரும்பியது. வாயில் துருவின் ருசி. கதிர்கள் குனிந்திருந்தன. கனத்தால் இல்லை. அவரைப் பார்த்து.

ஓடினார். ஓடினதாகத்தான் நினைத்தார். வாங்கி வரிசை வரை வந்தார். அங்கே நாற்று முளைக்காமல் விட்டுப்போன ஓர் இடைவெளி. ஓர் ஆள் நிற்கலாம்.

கால் வரவில்லை.

பனி இறங்கியது. நன்றாக இருந்தது. அதுதான் பயம்.

விடிந்து, வெயில் ஏறி, ஆட்கள் வந்தார்கள். பெரியவர் முன்னால், சகலை ஒரு எட்டுப் பின்னால். அவருக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தார். சலசலப்புத்தான் வந்தது.

சகலையின் பாத்திகளைப் பெரியவர் இலை இலையாகப் புரட்டினார். சுத்தம். எல்லாம் சுத்தம். அந்த நிலைமையிலும் அவருக்கு வயிறு எரிந்தது. வயிறு என்று ஒன்று இருந்த இடத்தில்.

"வாங்கி வாங்கலேன்னா இந்தச் சோதனையே செல்லாதேப்பா" என்றார் பெரியவர். "எங்க உங்க நோய்க்காரர்?"

"நேத்து சாயங்காலம் வரை இங்கதான் சார் இருந்தார். அக்கா தேடிக்கிட்டே இருக்காங்க." சகலை வரிசையோரமாக நடந்து வந்தான். எதிரே நின்றான். கண்ணுக்கு நேராகப் பார்த்தான். குரல் கொஞ்சம் தடுமாறியது, அவ்வளவுதான். "சார், இங்க வாங்க. வாங்கியிருக்கு. இவ்வளவு வாங்கி நான் பார்த்ததே இல்ல."

பெரியவர் வந்து பார்த்து, போதும், உன் ரகம் தேறிவிட்டது என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

சகலை விதை அறைப் பக்கம் திரும்பி, அடுத்த வருஷத்துக்குத் தூள் எடுக்க வரச்சொல்லிக் குரல் கொடுத்தான். அவர் மனைவிதான் வந்தாள், அழுது வீங்கின முகத்தோடு, கையில் ஒரு வெள்ளைத் தாளும் காலிக் குப்பியுமாக. என்னடி, நான்தான், என்னைப் பார், பார். அவள் பார்த்தாள். பயிரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அடியில நல்லா ஏந்திப் பிடிங்க அக்கா. காத்துல போயிடும்" என்றான் சகலை. "அண்ணன் வந்துடுவார். கோபக்காரர், எங்க போயிடப் போறார், சொல்லுங்க."

அதற்கு அவள் சிரித்தாள். கண்ணீரோடு லேசாக ஒரு சிரிப்பு. பிறகு குனிந்து தாளைப் பள்ளமாக மடித்து, அவர் தாடைக்குக் கீழே ஏந்தினாள். சகலை ஒற்றை விரலை நீட்டிக் கன்னத்தில் மெதுவாகத் தட்டினான்.

உதிர்ந்தது. கன்னம் முழுக்க உதிர்ந்தது. அவள் ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, மறு கன்னத்துக்குத் தாளை நகர்த்தினாள்.