யார் திறந்த மூடி?

பொடிசுக்கு ஒன்றுமே புரியவில்லை. சர்க்கரை டப்பாவின் மூடியை நேற்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். இன்று அது பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எறும்புகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருக்கின்றன.

"அப்பா, நீங்களா தொறந்து வெச்சீங்க?"

"நான்தான் சர்க்கரையே போட்டுக்கறதில்லையே," என்றார் அப்பா.

அம்மாவைக் கேட்டாள். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி பேச்சை மாற்றினாள். அதுதான் இன்னும் குழப்பம். திரைச்சீலைக் கடையில் துணி வெட்டும் அம்மா, எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள்.

சரி, பார்த்துவிடலாம் என்று பொடிசு எல்லா மூடிகளையும் மூச்சைப் பிடித்து இறுக்கினாள். உப்பு, தேன், எண்ணெய், எதையும் விடவில்லை. வீட்டுக்கு நல்லது செய்கிறோம் என்று ஒரே பெருமை.

மறுநாள் காலை கதவோரம் நின்று பார்த்தாள். அம்மா தேன் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, இடது கையால் திருகினாள். மூடி அசையவில்லை. வலது கையை வைத்ததும் "ஸ்ஸ்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில என்னம்மா?"

"நாள் பூரா கத்தரிக்கோல் பிடிச்சதுல உள்ள தசைநார் வீங்கியிருக்காம். மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கிட்டு ஓய்வா இருக்கணும், எதையும் திருகக் கூடாது, இல்லேன்னா வெட்டுற வேலையே செய்ய முடியாம போயிடும்னு டாக்டர் சொன்னார்."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

திருகக் கூடாதாம். அத்தனை மூடியையும் இறுக்கியது யார்? பொடிசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே இறுக்கவே மாட்டேம்மா."

"அப்போ எறும்பு?"

நியாயமான கேள்விதான். பொடிசு ஓர் அகலத் தட்டை எடுத்தாள். தண்ணீர் ஊற்றினாள். நடுவில் சர்க்கரை டப்பாவை வைத்து, மூடியைச் சும்மா மேலே போட்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன, சர்க்கரைக்குக் குளியலா?"

"இல்லப்பா, கோட்டைக்கு அகழி."

அம்மா ஒளித்து வைத்திருந்த பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வந்தாள். இடது கையின் இரண்டே விரலால் மூடியைத் தூக்கினாள். வந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு அம்மா சிரித்தாள்.

சாயங்காலம் எறும்புகள் வரிசையாக வந்தன. தட்டின் விளிம்பில் நின்றன. இடப்பக்கம் போயின, வலப்பக்கம் போயின, திரும்பவும் வந்து நின்றன.

பாவம், அவற்றுக்கு ஒன்றுமே புரியவில்லை.