அண்ணி சொன்ன சாட்சி

“பட்டன் டப்பாவ எங்கம்மா வச்சிருக்க?”

அறைக்குள்ளிருந்து கணவனின் அக்காவான அண்ணியின் குரல் கேட்டதும், அடுப்படியில் நின்றிருந்த சிட்டுவின் அம்மாவுக்குப் பகீரென்றது.

“ஐயோ... நீங்க தேடாதீங்க அண்ணி! இதோ நானே வந்து எடுத்துத் தரேன்!”

ஒரு பட்டன் டப்பாவுக்காக யாராவது இப்படி அலறியடித்துக்கொண்டு ஓடுவார்களா? அவள் ஓடினாள். வாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவன்கூட நிமிர்ந்து பார்த்தான். அண்ணி தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து டப்பாவின் மூடியில் கை வைக்கவும், இவள் போய் அதைப் பிடுங்காத குறையாக வாங்கவும் சரியாக இருந்தது.

“என்ன அப்படி அவசரம்? பிள்ளையோட வெள்ளை கவுன்ல ஒரு பட்டன் அறுந்து கிடக்கு. இன்னிக்கு சர்ச்சுல வசனம் சொல்ல எல்லாருக்கும் முன்னால நிக்கப் போறவ... தையல்காரி பெத்த பொண்ணு பட்டன் இல்லாம நின்னா நல்லாவா இருக்கும்?”

“நான் தச்சுடறேன் அண்ணி. நீங்க போய்க் கிளம்புங்க.”

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே போனாள். சிட்டுவின் அம்மா கதவை ஒருக்களித்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். பட்டன்களுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

இந்த ஒளிவுமறைவெல்லாம் எதற்கு என்கிறீர்களா? சிட்டுவுக்கு வலிப்பு உண்டு. நின்ற இடத்தில் விழுவாள், கைகால் வெட்டி இழுக்கும், கண் மேலே செருகிவிடும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “நானா சொல்ற வரைக்கும் இதை நிறுத்தவே கூடாது” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவில்லை. அதே சமயத்தில்தான் சர்ச்சில் உபவாச ஜெபமும் நடந்தது. பாஸ்டர் பாவம், மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தார், அவ்வளவுதான். ஆனால் அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது! அடுத்த ஞாயிறே, ஆண்டவர் செய்த நன்மையைச் சபைக்குச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, “எங்க வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் கிடைச்சிடுச்சு. இனி எங்க வீட்டுக்குள்ள மாத்திரை வராது” என்று சாட்சி சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து இருந்த மாத்திரைகளையெல்லாம் குப்பையில் கொட்டினாள்.

அண்ணி லேசுப்பட்டவள் அல்ல. தாய் தகப்பனை இழந்த தம்பியைத் தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே வளர்த்து ஆளாக்கியவள். ஞாயிறு பள்ளியில் பாதி சபைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ‘டீச்சரம்மா’ என்றால் பாஸ்டரே எழுந்து நாற்காலி போடுவார். அப்பேர்ப்பட்டவள் சபை நடுவில் சொன்ன வார்த்தையைப் பொய்யாக்க இந்த வீட்டில் யாருக்குத் துணிச்சல் வரும்? கணவனிடம் ஒருமுறை மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தாள். “அக்கா சொன்னா சொன்னதுதான்” என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான் அந்த பஸ் டிரைவர். அன்றிலிருந்துதான் இந்தத் திருட்டு வைத்தியம். தையல் காசில் வாங்கிய மாத்திரையைக் காலையும் மாலையும் பொடித்து, வாழைப்பழத்தில் பிசைந்து, அடுப்படி மூலையில் வைத்து ஊட்டிவிடுவாள்.

ஊட்டிவிட்டுத் தனியாக அழுவாள். அவளும் ஜெபிக்கிறவள்தான்! ‘ஆண்டவரே, நான் உம்மை நம்பாம இதைக் கொடுக்கலை... என் பிள்ளை விழுந்துடுமோன்னு பயந்து கொடுக்கறேன். இதுக்காக அவளை என்கிட்டருந்து எடுத்துடாதீங்க’ என்று தினமும் கெஞ்சுவாள். மாத்திரை கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம் என்று ஆகிவிட்டது அவள் பிழைப்பு.

இன்று சிட்டு பழத்தை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: “அம்மா, அத்தை என்னை மைக்குல, ‘நான் மாத்திரை சாப்பிடறதில்ல’ன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லட்டுமா?”

சிட்டுவின் அம்மா பழத்தட்டைக் கீழே வைத்தாள். இதுவரைக்கும் பொய் தன்னோடு இருந்தது. இப்போது அது பிள்ளையின் வாய்க்கும் வந்துவிட்டதே! “வசனத்தை மட்டும் சொல்லிட்டு இறங்கி வந்துடு கண்ணு” என்று கவுனை மாட்டிவிட்டாள்.

சர்ச்சில் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் சலவைக்கடைக்காரி தன் மகனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லாதவள், இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டி ஒற்றைப் பிள்ளையை வளர்க்கிறவள். திறந்த வாய்க்குள் அவன் நாக்கில் புதிதாகக் கடித்த காயம். பார்த்ததுமே சிட்டுவின் அம்மா அவன் பக்கம் குனிந்தாள். அந்தக் காயம் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியாதா?

“பையனுக்கு என்னக்கா?”

“உங்க பாப்பாவுக்கு இருந்ததேதான்மா.” சலவைக்கடைக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முகத்தில் என்ன ஒரு பெருமிதம்! “டீச்சரம்மா சாட்சியக் கேட்டேன் பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நானும் மாத்திரைய நிறுத்திட்டேன்.”

“நிறுத்திட்டீங்களா...?”

“நேத்துகூட ரெண்டு தடவ வந்துச்சு. என் விசுவாசம் பத்தல போல. இன்னும் கெட்டியாப் பிடிக்கணும்.”

சிட்டுவின் அம்மாவுக்குக் காதுக்குள் ‘ஙொய்’யென்றது. பாட்டு முடிந்ததோ, பாஸ்டர் பேசியதோ ஒன்றும் ஏறவில்லை. இந்தப் பையன் செத்துப்போனால்? யார் கொன்றது? அண்ணியின் சாட்சியா? இல்லையில்லை... அந்தச் சாட்சி பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த தானல்லவா!

முன்னால் அண்ணி மைக்கைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் வெள்ளை கவுனில் சிட்டு. “சொல்லுடா செல்லம்... நீ இப்ப மாத்திரை சாப்பிடறியா?”

குழந்தை திருதிருவென்று விழித்து, கடைசி பெஞ்சைப் பார்த்தது.

அவள் எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. “சாப்பிடறா!” என்றாள். “ஒருநாள்கூட நிறுத்தல. நான்தான் ஒளிச்சு வச்சுக் கொடுக்கறேன். அண்ணிக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது... தயவுசெஞ்சு எங்களைப் பார்த்து யாரும் பிள்ளைங்களோட மாத்திரைய நிறுத்திடாதீங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்...”

தலைகள் எல்லாம் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. அண்ணியின் கையிலிருந்த மைக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி படியிறங்கி, யாரையும் பாராமல் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

சலவைக்கடைக்காரி மகனை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். “உனக்கு விசுவாசம் இல்லன்னா அது உன்னோட. என் பிள்ளைக்கு வர்ற சுகத்தை ஏம்மா கெடுக்கற? டீச்சரம்மா வாயால சொல்லட்டும், அப்ப நம்பறேன்!” என்று விடுவிடுவென நடந்தாள்.

வீட்டில் இடிதான் விழுந்தது.

“உன்னைப் பெத்த பொண்ணாத்தானடி நினைச்சேன்!” அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். “இத்தனை வருஷம் அந்தச் சபையில நிமிர்ந்து நடந்த என்னை... எல்லாரும் பார்க்க அவமானப்படுத்திட்டியே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா பிடுங்கிப் போட்டிருப்பீங்களே அண்ணி...”

“எதிர்த்துப் பேசாத!” கணவன் கையை ஓங்கிவிட்டான். சிட்டு வீலென்று கத்தியதும் கை தானாக இறங்கியது. ஆனால் வார்த்தை இறங்கவில்லை. “எங்கக்கா முகத்துல கரி பூசினவளுக்கு இங்க என்ன வேலை? போ... உங்கம்மா வீட்டுக்குப் போ!”

அவள் அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டியாயிற்று. சிட்டுவின் துணிகளை ஒரு பையில் திணித்தாள். அண்ணி தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணி, நான் போறேன். போகச் சொன்னதுக்கு எனக்கு வருத்தமில்ல... பொய் சொன்னவதானே நான். ஆனா சலவைக்கடை அக்கா, பையனுக்கு மாத்திரைய நிறுத்திட்டாங்க. நீங்க சொன்ன சாட்சியக் கேட்டுத்தான் நிறுத்தினாங்க. நேத்து ரெண்டு தடவ இழுத்திருக்கு. நான் சொல்லி அவங்க நம்பல. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பிள்ளை பிழைக்கும்... அண்ணி! கேக்குதா உங்களுக்கு?”

தாழ்ப்பாள் திறக்கவில்லை.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அம்மா வீட்டுக்குப் போகிற பஸ் இந்தப் பக்கம் நிற்கும், சலவைக்கடை அந்தப் பக்கம். கால் அந்தப் பக்கமே போனது. ‘ஆண்டவரே, நான் போறதுக்குள்ள எதுவும் ஆயிடக் கூடாது’ என்று வாய்விட்டே புலம்பிக்கொண்டு நடந்தாள், எதிரில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து, “சுகம் தாரும்! சுகம் தாரும்!” என்று சலவைக்கடைக்காரி கத்துவது கேட்டது. குனிந்து நுழைந்தாள். தேய்த்து அடுக்கிய சட்டைகளுக்கு நடுவே தரையில் பையன் மல்லாக்கக் கிடந்தான். உடம்பு வில்லாக வளைந்து வெட்டிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை. தாய்க்காரி அவன் நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

“கையை எடுங்கக்கா! அமுக்காதீங்க, மூச்சு முட்டும்!” சிட்டுவை மூலையில் இறக்கிவிட்டுப் பாய்ந்து, பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மடித்த துணி ஒன்றைத் தலைக்குக் கீழே கொடுத்தாள். “எவ்வளவு நேரமா இழுக்குது?”

“சர்ச்சுலருந்து வந்ததும் ஆரம்பிச்சது... விட்டு விட்டு வருது... நிக்கவே மாட்டேங்குது!”

“ஐயோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கக்கா!”

“மாட்டேன்! இப்ப போனா இத்தனை நாள் பிடிச்ச விசுவாசம் என்ன ஆகும்? டீச்சரம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்...” அந்தத் தாய் மகனின் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள். பிள்ளையைக் கொல்ல வேண்டும் என்றா பிடிவாதம் பிடிக்கிறாள்? கையை விட்டால் கடவுளும் தன்னை விட்டுவிடுவாரோ என்ற பயம்! அந்தப் பயம் சிட்டுவின் அம்மாவுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அவளைத் திட்டவும் முடியவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. பையனின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

அப்போது ஷட்டர் கடகடவென்று மேலே போனது.

அண்ணி நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. வெளியே ஒரு டாக்சியின் கதவைத் திறந்து பிடித்தபடி கணவன் நின்றான்.

“பிள்ளையைத் தூக்கு!” என்றாள் அண்ணி.

“டீச்சரம்மா... விசுவாசம்...”

“நான் சொன்ன சாட்சி தப்பு! கேட்டுக்கோ. எங்க பிள்ளை மாத்திரையாலயும் நல்லா இருக்கா, ஜெபத்தாலயும் நல்லா இருக்கா. இவ கொடுத்தா, ஆண்டவர் காப்பாத்தினார். நான் நடுவுல பெருமையடிச்சேன். போதுமா? தூக்கும்மா... உன் காலைப் பிடிக்கறேன், தூக்கு!”

டீச்சரம்மா நிஜமாகவே குனிந்தாள். சலவைக்கடைக்காரி கதறிக்கொண்டு பிள்ளையை வாரியெடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகும் வெகுநேரம் கதவு திறக்கவில்லை. கணவன் சிட்டுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தான். மனைவியின் பக்கம் வந்தபோது, “ஓங்கின கை...” என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்கத் தெரியாமல் நின்றான். “உக்காருங்க முதல்ல” என்றாள் அவள்.

ஒருவழியாகக் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். முகத்தில் கோபம் கொப்பளித்தது.

“நின்னுடுச்சு. பிழைச்சுக்குவான். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் எதுக்கும் பொறுப்பில்ல. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்ட பிள்ளை இவன்! யாரு நிறுத்தினது?”

சலவைக்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சிட்டுவின் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஏற்கெனவே உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறவள் திட்டு வேறு வாங்க வேண்டுமா? தானே ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தாள்.

அதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள்.

“நான்தான் டாக்டர். என் பேச்சைக் கேட்டுத்தான் இவ நிறுத்தினா. திட்டறதை என்னைத் திட்டுங்க.”

டாக்டர் திட்டினார். சும்மா இல்லை, வார்டே திரும்பிப் பார்க்கும்படித் திட்டினார். அத்தனையையும் அண்ணி ஞாயிறு பள்ளியில் தப்பு செய்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவர் போன பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிட்டுவின் அம்மா ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முதல் தடவ சிட்டு விழுந்தது என் மடியில இருந்துடி...” என்றாள் அண்ணி. “அதை என்னால மறக்கவே முடியல. மாத்திரையப் பார்த்தாலே திரும்ப வந்துடுமோன்னு நடுங்கும். அது இல்லவே இல்லன்னு ஆக்கிடணும்னு இருந்தேன்... என் பயத்துக்குப் போய் விசுவாசம்னு பேர் வச்சுட்டேனே!”

“எனக்கும் பயந்தான் அண்ணி. ராப்பகலாப் பயந்துக்கிட்டேதான் கொடுத்தேன்.”

“தெரியாம போச்சே... ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, நீ ஒரு மூலையில பயந்து, நான் ஒரு மூலையில பயந்து... என்னை மன்னிச்சிடும்மா!”

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நர்ஸ் வந்து, “இது ஆஸ்பத்திரிம்மா, சத்தம் போடாதீங்க” என்று அதட்டியும் நிறுத்தவில்லை. பிறகு அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சலவைக்கடைக்காரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வர்ற ஞாயிறு நான் திரும்ப எழுந்து நிக்கணும். எல்லார் முன்னாலயும் சொன்னதை எல்லார் முன்னாலதான் திருப்பி வாங்கணும்” என்றாள். தம்பி மனைவியை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குப் பயமா இருக்கும்மா... நீயும் என்கூட வந்து நிப்பியா?”

“நிக்கறேன் அண்ணி” என்றாள் அவள்.