வெண்ணெய் தீர்ந்த வீடு

காட்டோரத்துக் கடைசி நிலையத்திலிருந்து மெட்ரோ கிளம்பியபோது மழை சன்னலை அறைந்துகொண்டிருந்தது. இல்வாவின் மடியில் கூடை நிறைய மஞ்சள் காளான். ஸ்டாக்ஹோமில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியையின் சம்பளத்தை வாடகையே விழுங்கிவிடும். ஆனாலும் காட்டில் காளான் முளைக்கும் செப்டம்பர் வந்துவிட்டால் அவள் தட்டில் தினமும் விருந்துதான்.

எதிர் இருக்கையில் ஓர் இளைஞன்... மழைக்கு முந்திய கடல் போலச் சாம்பல் நிறக் கண்கள். பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதே பார்த்துவிட்டாள்.

"நானும் பறிச்சேங்க, முதல் தடவையா!" காகிதப் பையைத் திறந்து காட்டினான். "எப்படி?"

வெள்ளை வெளேரென்று காளான்கள். தண்டைச் சுற்றிப் பாவாடை போல ஒரு வளையம், அடியில் பை போல ஓர் உறை... இல்வா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"இதையா சாப்பிடப் போறீங்க? இது விஷம்ங்க. ஆளையே கொன்னுடும்."

"கடையில விக்கிற அதே காளான்தானே? உங்க காட்டுல நான் கைவெச்சுட்டேன்னு கோபமா?"

"கோபமா? எனக்கா?" பையைப் பிடுங்கினாள். அது கிழிந்து காளான்கள் தரையில் உருண்டன. மொத்தப் பெட்டியும் திரும்பிப் பார்க்க, அவன் முகம் சிவந்துபோனது.

"மாசக் கடைசிங்க... இன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் இதான் சாப்பாடு!"

"ரெண்டு பேரா?"

"எனக்கும் தங்கச்சிக்கும். அவ பாதியை எடுத்துக்கிட்டு முந்தின வண்டியிலயே..."

வாக்கியம் முடியவில்லை. இருவர் கண்களும் ஒரே பயத்தில் சந்தித்தன.

அவன் வீட்டுக்கு அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தங்கை எடுக்கவில்லை.

"நான் ஆர்விட்..." அவன் வீராப்பெல்லாம் எங்கோ போயிருந்தது. "கூட வர்றீங்களா?"

"இல்வா. வாங்க, ஓடுங்க!"

அவன் நிலையத்தில் இறங்கி மழையில் ஓடினார்கள். படிகளில் தாவி ஏறினார்கள். கதவு திறந்தே கிடந்தது. அடுப்பின் மேல் வாணலி... காலி! பலகையில் நறுக்கிப் போட்ட வெள்ளைக் காம்புகள். வீட்டில் யாரும் இல்லை.

"தில்தா!" ஆர்விட்டின் குரல் உடைந்தது.

"ஏன்ணா கத்துறே?" கையில் கிண்ணத்தோடு மாடிப்படியில் நின்றாள் தில்தா. "வதக்கலாம்னு பாத்தா வெண்ணெய் தீர்ந்துபோச்சு. கீழ்வீட்டுல வாங்கப் போனேன். காளானைக் கழுவி சன்னலோரம் வெச்சிருக்கேன்."

"ஒரு துண்டாவது வாயில போட்டியா?" இல்வா அவள் தோளை உலுக்கினாள்.

"பச்சையாவா? ச்சீ! அண்ணா, யாரு இவங்க?"

ஆர்விட் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வெண்ணெயில் பிறகு இல்வாவின் மஞ்சள் காளான்கள் வதங்கின. சுட்ட ரொட்டியின் மேல் குவித்து மூவரும் சாப்பிட்டார்கள். தில்தா பேசினாள், சிரித்தாள். ஆர்விட் மட்டும் தட்டிலிருந்து தலையே நிமிர்த்தவில்லை. 'இன்னும் கோபமா... அத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டேனோ?' இல்வா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆர்விட் வாசல் வரை வந்தான்.

"ஒண்ணு சொல்லணும்..."

"கோபம்னா திட்டிடுங்க."

"அது இல்ல. நான் யார்கிட்டயும் வலியப் பேசுற ஆளே இல்லீங்க. உங்க கண்ணைப் பாத்தேன்... பேச வேற சாக்கு கிடைக்கல. அதான் பையைத் திறந்தேன். திறக்காம இருந்திருந்தா..." மூச்சு வாங்கினான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, இல்வா. வண்டியில ஏறினப்பவே."

அவள் காலணி நுனியையே பார்த்தாள். காது மடல் சுட்டது.

"எனக்கும்தான்... இல்லன்னா முன்பின் தெரியாத ஆள் பின்னாடி இப்படி ஓடி வருவேனா? ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. நான் காளான் பறிக்கிற இடத்தைக் காட்டுறேன்."

"அது ரகசியமாச்சே! இங்க யாரும் யாருக்கும் காட்ட மாட்டாங்களே!"

"ஆமா," என்றாள் இல்வா. "எங்கம்மாவுக்கே தெரியாது."