உள்பக்கப் பூச்சு

கொத்தனார் தந்த கூலிச் சீட்டில் எட்டு வரிகள் வரைக்கும் அவளால் சண்டை போட முடிந்தது. குளியலறைத் தரையை உயர்த்தியது, சரி. டைல்ஸ் ஒட்டியது, அதில் மூலை உடைந்த நாலு டைல்ஸைக் கதவு வந்து மறைக்கும் இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார், கழிக்க வேண்டும். சமையல் மேடை, குழாய், வடிகால் என்று விரலை வைத்து வைத்து இறங்கி வந்தவள் ஒன்பதாவது வரியில் நின்றாள். 'உள்பக்கப் பூச்சு, நைஸ் வேலை, இரண்டு கை' என்று, இரண்டு தடவை பூசியதாக எழுதி, பேசிய கூலியில் பாதிக்கு ஒரு தொகை போட்டிருந்தது. இந்த வீட்டில் எந்த உள்பக்கத்தைப் புதிதாகப் பூசினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெரு முழுக்க அவளை டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடும். தெருமுனைக் கடையில் இருபது வருடமாக மெஷின் மிதிக்கிறாள். அதில் பதினொரு வருடம் தம்பி வீட்டுப் பின்னறையில், தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால், உடைந்த பீரோவோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு படுத்தவள். இந்த வீடு பழையது, சின்னது, ஒரு தூறல் விழுந்தால் மூக்கைச் சிந்துவது. ஆனால் அவளுடையது. பத்திரம் கைக்கு வந்த அன்று உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். இதை விட்டால் திரும்ப அந்தப் பின்னறைதான் என்பதை ஒரு நாளும் அவள் மறக்கவில்லை.

வேலைக்கு வந்தவருக்கு அந்த வட்டாரத்தில் 'நாளைக்கு மேஸ்திரி' என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு. கை சுத்தமான வேலைக்காரர்தான், வாய்தான் அப்படி. பத்து நாளாக ஆளைக் காணோம். குளியலறைக்குக் கதவு மாட்டவில்லை. படுக்கையறைச் சுவரில், ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்துக்கு ஒரு திறப்பை அப்படியே விட்டு, மேலே சிமென்ட் சாக்கைத் தொங்கவிட்டுப் போயிருந்தார். குழாய்க்கு விட்ட வழியாக இருக்கும், வந்து அடைப்பார் என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். இன்று சாயங்காலம் சீட்டோடு வந்தவர், அதை வாசற்படிக்கு வெளியே நின்றபடியே நீட்டினார்.

"உள்ள வாங்க மேஸ்திரி. எந்த உள்பக்கம்னு காட்டுங்க."

"வேண்டாம்மா. இங்கயே நிக்கறேன்."

"பத்து நாளா வேலைய அந்தரத்துல விட்டுட்டு, சீட்டு மட்டும் டாண்ணு வருது. நான் சொல்லாத வேலைக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்தார். "நீங்க சொல்லாம நான் செங்கல்லத் தொடுவேனா? நீங்கதாம்மா சொன்னீங்க. தினம் மத்தியானம்."

"மத்தியானம் நான் கடையில இருக்கேன்! காலைல எட்டு மணிக்கு உங்ககிட்ட சாவியக் குடுத்துட்டுப் போனா, ஏழு மணிக்குத்தான் வர்றேன்."

"நான் படுக்கை ரூம்ல வேலை பாத்துட்டிருப்பேன். நீங்க சமையல் ரூம்லேர்ந்து சொல்லுவீங்க. இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம், ஒரு நூல் கூடக்கூடாதுன்னு. நான் செவுத்துல எழுதிக்குவேன்."

"திரும்பிப் பாக்க மாட்டீங்களா, யாரு பேசறான்னு?"

"பாத்தேம்மா. ஒரே ஒரு நாள் எட்டிப் பாத்தேன். அன்னிக்குப் போனவன்தான்."

என்ன பார்த்தீர்கள் என்று கேட்க அவள் வாயெடுத்தாள். கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் போலிருந்தது.

"கதவு மாட்டறத விட்டா எனக்குப் பாக்கி ஒரே வேலைதான்மா. செவுத்துல விட்ட அந்த வாய அடைக்கணும். அளவு சரியா இருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் மூடுன்னு சொன்னீங்க. இப்ப ராத்திரியில என் வீட்டு சமையல் ரூம்லேர்ந்தும் அதையேதான் சொல்றீங்க. என் பொண்டாட்டி பயந்து அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டா."

இருபது வருடத்தில் எத்தனையோ பேர் அவளிடம் கதை விட்டிருக்கிறார்கள். துணி சுருங்கிவிட்டது என்பார்கள், பணத்தை மறந்து வைத்துவிட்டோம் என்பார்கள். பொய் சொல்கிறவன் கண் எப்படி அலையும் என்று அவளுக்குத் தெரியும். மேஸ்திரியின் கண் அலையவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இந்தக் காதுல பூ சுத்தற வேலையெல்லாம் வேற எங்கயாவது வெச்சுக்குங்க. நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. நானே டேப்ப வெச்சு அளந்து வைக்கிறேன். அளவுக்கு மேல ஒரு பைசா பேராது!"

அளக்கிறேன் என்று அவள் சொன்னதும் மேஸ்திரி ஏதோ சொல்ல வந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கி வேகமாக நடந்தார்.

கதவைத் தாழிட்டுப் படுக்கையறைக்குள் வந்தபோது முதலில் தெரிந்தது வாசனைதான். பத்து நாளாக ஆள் கை படாத சுவரிலிருந்து, இப்போதுதான் தண்ணீர் விட்டுக் குழைத்த சிமென்டின் குளிர்ந்த, மண் கலந்த வாசனை வந்துகொண்டிருந்தது. குளியலறைக் குழாயின் சொட்டு, தெருவில் ஒரு ஸ்கூட்டர் தூரமாகப் போகும் சத்தம், இரண்டுக்கும் நடுவில் சாக்கு மட்டும் லேசாக உள்பக்கம் இழுபட்டு, வெளியே தளர்ந்து, மறுபடி இழுபட்டது. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

சாக்கைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். திறப்பு நேராக ஓர் அடி போய், இடது பக்கம் திரும்பியது. திரும்பிய இடத்துக்கு அப்பால் என்ன என்று செல்போன் வெளிச்சத்தில் தெரியவில்லை. தெரிந்த வரையில் பூச்சு, மேஸ்திரி எழுதியது போலவே, நைஸாக, கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. வெளியில் தெரியும் சுவருக்கே இத்தனை அக்கறையாக அவர் பூசவில்லை.

திறப்பின் ஓரத்தில், இத்தனை நாள் சாக்கு மறைத்திருந்த இடத்தில், தடித்த பென்சிலில் ஏழு எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தன.

கொத்தனார்கள் அளவு எழுதினால் நீளம், அகலம், உயரம். மூன்றோடு முடிந்தது. ஏழு எண்களை இப்படி வரிசையாக எழுதுகிறவர்கள் வேறு. உயரம் முதலில், பிறகு தோள், மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ்ச் சுற்று, கை நீளம், கடைசியில் கழுத்து. அவள் தன் நோட்டில் இருபது வருடமாக எழுதும் வரிசை. இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் 'அரை' போட்டு அதன் கீழே கோடு இழுத்திருந்தது. ஒரு தோள் இறங்கியவர்களுக்கு அவள் அப்படித்தான் குறிப்பாள்.

குனிந்து குனிந்து மெஷின் மிதித்ததில் அவளுடைய இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு யார் அளவெடுக்கப் போகிறார்கள்?

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். உயரம் சரியாக இருந்தது. தோள், மார்பு, இடுப்பு, எல்லாமே சரியாக இருந்தன. ஆறாவதோடு டேப்பைச் சுருட்டிவிட்டாள். கழுத்தை அளக்கவில்லை.

தம்பிக்கு போன் போட்டாள். முழுக்கச் சொல்லவில்லை; மேஸ்திரி தொந்தரவு என்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, உனக்கு எதுக்குக்கா இந்தத் தலைவலி? அந்த வீட்ட வந்த விலைக்குத் தள்ளிட்டு இங்க வந்துடு. பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

"சும்மாவே கெடக்கட்டும்டா" என்று சொல்லி வைத்துவிட்டாள். பயம் போய் வீம்பு வந்தது. அன்று இரவு எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு ஹாலில் படுத்தாள். படுக்கையறையிலிருந்து கொத்தனார் கரணையால் சுவரை இழைக்கும் சத்தம் வந்தது. சர்ரென்று ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. அவள் போர்வையை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டாள். எழுந்து ஓடவில்லை. ஓடினால் எங்கே போவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் மூன்றரைக்கே கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். நல்ல வெயில். ஜன்னலைத் திறந்து வைத்தாள். எதிர் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இந்த வெளிச்சத்தில் எதுவும் நடக்காது என்று தோன்றியது.

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ" என்று காலி அறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "இது என் வீடு. என் காலு தேய்ஞ்சு வாங்கின வீடு. நீ ஆர்டர் குடுத்த வேலைக்கு நான் காசு குடுக்க மாட்டேன். இடத்தையும் குடுக்க மாட்டேன்!"

குழாய்கூடச் சொட்டவில்லை.

திறப்பின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். இனி அந்த இடது பக்கம். அதை அளக்காமல் மேஸ்திரியோடு வாதாட முடியாது. அளவு சரிபார்த்துச் சொல்கிறேன் என்று அந்தக் குரல் சொன்னது அவளுக்கு நினைவு வராமல் இல்லை. வந்தது. அதற்குப் பயந்து அளக்காமல் விட்டால், யாரோ சொன்ன கணக்குக்குத் தலையாட்டியது போலாகிவிடும். அவள் யார் கணக்குக்கும் தலையாட்டுகிறவள் இல்லை. டேப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பக்கவாட்டில் நுழைந்தாள்.

ஓரடி உள்ளே போய் இடது பக்கம் திரும்பினாள்.

முதுகில் ஈரம் பட்டது. இரண்டு பக்கமும் தோள் தொட்டது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சு அரை அங்குலம் இறங்கியிருந்தது. அவளுடைய தோள் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு நொடி, வெட்கக்கேடு, அவளுக்கு அந்த வேலையின் மேல் மரியாதை வந்தது. இத்தனை கச்சிதமாக அவள் ஒரு ரவிக்கைகூடத் தைத்ததில்லை. எந்த டெய்லரும் அளவோடு கொஞ்சம் லூஸ் விடுவான், மூச்சுவிட, கையைத் தூக்க. இதில் லூஸ் விடவில்லை.

மூச்சை இழுத்தாள். மார்பு முட்டியது.

கையைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை.

உடம்பைத் திருப்பப் பார்த்தாள். பூச்சு விடவில்லை. டேப் வாயிலிருந்து நழுவியது.

வாசல் மணி அடித்தது. நாலு மணி.

"மேஸ்திரி!" என்று கத்தினாள். ஈரச் சுவர் குரலைக் குடித்துக்கொண்டது. அவள் காதுக்கே முனகலாகத்தான் கேட்டது.

வெளியே வாசல் கதவின் தாழ்ப்பாள் நகர்ந்தது. அவள் போட்ட தாழ்ப்பாள்.

"வாங்க மேஸ்திரி." சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. அவளுடைய குரலேதான், ஆனால் அவள் இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் காட்டாத சாந்தத்தோடு. "அளவு பாத்தாச்சு. சரியா இருக்கு. மூடிடுங்க."

"சரிம்மா." மேஸ்திரியின் குரல் தரையைப் பார்த்துப் பேசியது. கலவைப் பாண்டு தரையில் உரசியது. தண்ணீர் ஊற்றினார். கலவை குழையும் சத்தம்.

"மேஸ்திரி! நான் உள்ள இருக்கேன்! திரும்பிப் பாருய்யா!"

கரணை நின்றது. "அம்மா... உள்ள யாரோ..."

"குழாய்ல காத்து. நீங்க வேலையப் பாருங்க."

முதல் செங்கல் வைக்கும் சத்தம் கேட்டது. செங்கல்லோடு செங்கல் இடித்துக்கொண்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. முழங்கால் உயரத்துக்கு வெளிச்சம் போயிற்று. இடுப்பு. மார்பு.

அவள் முழங்காலால் உதைத்தாள். நகத்தால் பிறாண்டினாள். பூச்சு நகத்தடியில் கொஞ்சம் இளகி, மறுபடி நைஸாக மூடிக்கொண்டது.

கண் உயரத்தில் ஒரு செங்கல் அளவுக்கு வெளிச்சம் மிச்சமிருந்தது. கழுத்தை முடிந்தவரை வலப்பக்கம் ஒடித்தால், திறப்பின் வழியே அறையில் ஒரு துண்டு தெரிந்தது. மேஸ்திரியின் சிமென்ட் படிந்த கை நீண்டிருந்தது. அதற்கு எதிரே இன்னொரு கை. ஊசி குத்திக் குத்திக் கறுத்த ஆள்காட்டி விரல், நகத்தோரம் சாக்பீஸ் தூள். அவளுடைய கை. அது ஒரு கட்டுப் பணத்தை எண்ணாமல், ஒன்பதாவது வரிக்கான தொகையையும் சேர்த்து, அப்படியே மேஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தது.

"எண்ணாமக் குடுக்காதடி!" என்று அவள் கத்தினாள். "அவன் கேட்டதக் குடுக்காத! அது என் காசு! என் வீடு!"

அந்தக் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, திறப்பின் விளிம்பில் பிதுங்கி நின்ற கலவையைப் பொறுமையாக வழித்து, நேராக்கியது.

கடைசிச் செங்கல் வந்து உட்கார்ந்தது. இருட்டில் அவள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.