பூரணம் வாசித்த கடிதங்கள்

"அந்தத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லு, பூரணம்... கட்சியைக் காட்டிக்குடுத்தவளின்ரை கையாலை எனக்கு ஒண்டும் வேண்டாம்!"

கனகசபாபதி மாஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பார்வை போய் நாலு வருடமாகியும், கோபம் வந்தால் முகத்தைத் திருப்பும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பாலேஸ்வரி கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். கட்சி கொடுத்த புலமைப்பரிசிலில் சோவியத் நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போனவள், நாலாம் ஆண்டில் துரத்தப்பட்டு, முந்தநாள்தான் கரவெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தாள். எண்பத்தாறாம் ஆண்டு, பங்குனி மாதம். ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் கிளறிவிட்ட உடுப்புகள் இன்னும் மடிக்கப்படாமலே கிடந்தன.

"நான் ஆரையும் காட்டிக்குடுக்கேல்லை அப்பா. ஆஸ்பத்திரி மருந்தைப் பின்வாசலாலை வித்தவனைக் கள்ளன் எண்டு சொன்னனாங்கள். நானும் தாசனும். அவ்வளவுதான்."

"தாசன்! அந்தக் குருநகர்ப் பெடியனோடை ஆடின ஆட்டத்தை மறைக்க ஒரு கள்ளன் கதை! அங்கை அப்பிடி நடக்காது. நீயே எழுதினனீதானே, மருந்துக்கு ஒரு குறையுமில்லை எண்டு?"

"நானோ?" பாலேஸ்வரியின் கை நின்றது. "என்னை நக்கலடிக்காதேங்கோ அப்பா. போன வருசம் எட்டுக் கடிதம் போட்டனான்... தாசனைத் திருப்பி அனுப்பப்போறாங்கள், கொழும்பிலை உங்கடை தோழர்மாருக்கு ஒரு வரி எழுதுங்கோ எண்டு மண்டாடினனான். ஒரே ஒரு வரி! நீங்கள் எழுதேல்லை. அவன்ரை படிப்பு போச்சு. இப்ப மாமன்ரை வள்ளத்திலை வலை இழுக்கிறான்."

"பொய்! அப்பிடி ஒரு கடிதமும் எனக்கு வரேல்லை!"

"பொய்யோ?... சரி. எட்டரை பஸ்ஸிலை நான் குருநகருக்குப் போறன். இனி இந்த வாசல்படி மிதிக்கமாட்டன்."

அடுக்களை வாசலில் நின்ற பூரணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பொய் சொல்லவில்லை என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கண் தெரியாத கணவனுக்குக் கடிதம் வாசிப்பவள் அவள்தான். முதலில் வந்த கடிதங்களில் மகிழ்ச்சி இருந்தது; உள்ளபடி வாசித்தாள். பிறகு வந்தவற்றில் வேறு கதை இருந்தது. அவள் தாளைப் பார்த்தபடியே இல்லாததைச் சொன்னாள். சாதி பாராமல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேநீர் கொடு என்று கடை வாசலில் நின்று அடிவாங்கிய மனிதர் அவர். அதனால் வாத்தியார் வேலை போயிற்று. அவளுடைய சொந்த அண்ணனே தன் மகளின் கலியாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. இவ்வளவும் வீண்போகவில்லை என்று சொல்ல அவருக்கு மிஞ்சியிருந்தது, தூரத்தில் பனிக்குள் இருந்த ஒரு நாடு மட்டும்தான்.

இப்போது பேசாமல் நின்றால் அந்த நாடு அவரிடம் இருக்கும். மகள் போய்விடுவாள்.

பூரணம் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து கடிதக்கட்டை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ... ஒரு கடிதம் வாசிக்கிறன். கேளுங்கோ."

"இப்பவோ? ஆரின்ரை கடிதம்?"

அவள் கட்டிலிருந்து ஒரு தாளைப் பிரித்தாள். வாசித்தாள்.

"அன்புள்ள அப்பா, எங்கள் வார்டில் ஒரு கிழவி மருந்தில்லாமல் இறந்துபோனார். மருந்து இருந்தது அப்பா. பொறுப்பாளர் விற்றுவிட்டார். நானும் தாசனும் அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தேநீர்க்கடை வாசலில் நீங்கள் நின்றதைச் சொல்லித்தானே என்னை வளர்த்தீர்கள்..."

மாஸ்டர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"பூரணம்... அப்ப நீ எனக்கு வாசிச்சது?"

"நானாக் கட்டினது."

"பிள்ளையள் பனியிலை நிண்டு பாடினது? வாசிகசாலையிலை நான் அதைச் சொல்லக் கேட்டு எங்கடை தோழன் கந்தப்பு அழுதவனெல்லே!"

"அதும் நான்தான்..." அவள் உடைந்தாள். "கண்ணும் போச்சு, வேலையும் போச்சு, சொந்தமும் போச்சு. அந்த நாட்டையும் என்ரை வாயாலை பறிக்க மனம் வரேல்லை... என்னை அடியுங்கோ!"

"அம்மா!" பாலேஸ்வரி கத்தினாள். "தாசன்ரை வாழ்க்கையம்மா அது!"

"ஓம் பிள்ளை. என்னாலைதான் போச்சு."

மாஸ்டர் எழும்பினார். கையை நீட்டிக் காற்றைத் துழாவினார்.

"பிள்ளை எங்கை...? எட்டுக் கடிதம்... நான் பேசாமல் இருந்தனெண்டு நினைச்சியோ? என்ரை குஞ்சு..."

பாலேஸ்வரி ஓடிவந்து அந்தக் கைகளுக்குள் விழுந்தாள். இருவரும் விம்மினார்கள். பூரணம் தள்ளியே நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார். "இன்னும் ஆர் அங்கை மாட்டுப்பட்டிருக்கினம்?"

"மூண்டு பேர். எங்களோடை அந்தத் தாளிலை கையெழுத்து வைச்சவை."

"கொழும்புக்கு இப்பவே எழுதவேணும். பிறகு தாசனை இஞ்சை வரச்சொல்லு. அவனிட்டை நான் மன்னிப்புக் கேக்கவேணும்."

பூரணம் பழக்கத்தில் பேனையை எடுத்தாள்.

"நீயில்லை," என்றார் அவர். "பிள்ளை எழுதட்டும்."

அவள் பேனையை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். புட்டு காய்ந்து உதிர்ந்து கிடந்தது. சந்தியில் எட்டரை பஸ் ஹோர்ன் அடித்துப் போனது. மகள் போகவில்லை... அது போதும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பூரணம்!"

கடிதம் எழுதி முடிந்திருந்தது. பேனையை அவர் விரல்களுக்குள் வைக்கப்போன மகளை அவர் தடுத்தார்.

"பொறு பிள்ளை. கொம்மா வாசிக்கட்டும். பிறகுதான் கையெழுத்து."

"நானோ...?"

"வேறை ஆர்? ஒரு சொல்லும் விடாமல் வாசி."

பூரணம் தாளை வாங்கினாள். "நான் என் வாழ்நாளெல்லாம் நம்பிய நாட்டில்..." என்ற இடத்தில் நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு சொல்லையும் சொல்லி எழுதுவித்தவரே அவர்தான். யாரும் அவருக்கு வாசித்துக்காட்டத் தேவையில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வாசி பூரணம்," என்றார் அவர் மெதுவாக. "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த சொல்லை வாசித்தாள்.