அவள் விழுங்கிய அரை நொடி

"உனக்குக் கை நடுங்குமா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று கூடைப்பந்து சங்கத்தின் செயலாளர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பாதியில் பள்ளியை விட்டவளுக்கு அதுவே பெரிய நிம்மதி. இல்லை என்று தலையாட்டினாள். மூன்று வருடம் அது உண்மையாகவும் இருந்தது. ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு நீள மேசை. மேசைமேல் ஆட்டக் கடிகாரத்தின் பொத்தான் பெட்டி. பொத்தான்மேல் அவள் விரல். அரங்கமே கத்தினாலும் அந்த விரல் அசையாது.

அந்த மழை நாள் வரைக்கும்...

அன்று பயிற்சி தொடங்குமுன் ஒருவன் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். நேராக அவள் நாற்காலியில் உட்கார்ந்து தலையை உதறினான். பெட்டிமேல் சாரல் தெறித்தது.

"எந்திரிங்க முதல்ல! தண்ணி பட்டா கெட்டுப்போயிடும்!"

"யாரு, நானா? பெட்டியா?"

"நீங்க ஏற்கெனவே கெட்டுப்போன மாதிரிதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. வீட்டில்கூட நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் அவள்! அவன் சிரித்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

"நல்ல வரவேற்புங்க. நான்தான் புது கோச்."

தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்ற அணி அது. பழைய கோச்சை அனுப்பிவிட்டு இவனைக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் பிறகு தினமும் மேசையைத் தாண்டும்போது கேட்பான்.

"மேடம், பெட்டி சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். நீங்க தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான் பேச்சு. அதற்காக அவள் அரைமணி முன்னதாகவே வரத் தொடங்கியிருந்தாள்.

பிறகு அந்த லீக் ஆட்டம்... அவன் அணி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. மீதி ஒன்று புள்ளி இரண்டு நொடி. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். உள்ளே இருப்பவன் தொட்ட பிறகுதான் கடிகாரத்தை ஓட்ட வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் இந்த விதியை.

கோச் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"மேடம், ஒண்ணு புள்ளி ரெண்டு... சரிதானே?"

அத்தனை பதற்றத்திலும் அந்தக் கண்கள் லேசாகச் சிரித்தன. அவள் தலையாட்டினாள். எறிந்தவனின் கையிலிருந்து பந்து கிளம்பியது. அதே கணம் அவள் விரல் அழுத்திவிட்டது.

பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது. கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. அரை நொடி போய்விட்டது... பந்தைப் பிடித்தவன் கூடையைப் பார்த்து வீசுவதற்குள், நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. பந்து கூடையில் விழுந்தது. நடுவர் இரண்டு கைகளையும் குறுக்காக வீசினார். செல்லாது!

அந்த நடுவர் அவளுடைய அண்ணன்.

அன்றிலிருந்து ஊரெல்லாம் அதே பேச்சு. தொலைக்காட்சியில் வீசியவன் கையையும் விளக்கையும் வட்டம் போட்டுப் போட்டுக் காட்டினார்கள். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று ஒருவரும் பார்க்கவில்லை. "நேரம் மிச்சமிருந்துச்சு. அந்த ரெஃப்ரி வேணும்னே எங்களைத் தோக்கடிச்சாரு" என்று கோச் எல்லா மைக்கிலும் சொன்னான். சங்கம் விசாரணை வைத்தது. குற்றச்சாட்டு பொய்யானால் இந்த சீசன் முழுக்க கோச்சுக்குத் தடை. உண்மையானால் அண்ணனின் விசில் பறிபோகும்.

வீட்டில் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். "விளக்கைப் பார்த்துத்தான் செல்லாதுன்னு கொடுத்தேன். நீ அங்கதானே இருந்தே? நீயே சொல்லு."

"ஆமாண்ணா..."

"கண்டவன் பேச்செல்லாம் கேக்கணும்னு எழுதியிருக்கு. இனி அவன் பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்காதீங்க."

விளக்கு எரிந்தது உண்மை. நேரம் மிச்சமிருந்ததும் உண்மை. பொய் சொன்னது அவள் விரல் மட்டும்தான்.

மறுநாள் கோச் மேசையருகே வந்து நின்றான். "மேடம், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கா?"

"அவர் என் அண்ணன்."

அவன் முகம் சுருங்கியது. "ஐயோ... சத்தியமா தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டீங்களா?"

"பேசியிருப்பேன். கொஞ்சம் மெதுவா பேசியிருப்பேன்."

இப்போதே சொல்லிவிடு... சொல்லிவிடு! வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. சொன்னால் இந்த நாற்காலி போய்விடும். இவள் உட்காரலாம் என்று உலகம் காட்டிய ஒரே நாற்காலி... கூடவே இந்தக் கண்களும் போய்விடும்.

விசாரணை அன்று அண்ணனோடுதான் வந்தாள், துணைக்கு என்று. வராந்தாவில் உட்கார்ந்தாள். உள்ளே குரல்கள் உயர்ந்தன. எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, யாரும் கூப்பிடாமலே கதவைத் திறந்தாள்.

"உள்ள இருக்கறவன் பந்தைத் தொட்டப்புறம்தான் கடிகாரத்தை அழுத்தணும். நான்... எறிஞ்சவன் கையிலேர்ந்து பந்து கிளம்பினதுமே அழுத்திட்டேன். அண்ணன் பார்த்தது சரி. நேரம் மிச்சமிருந்துச்சுன்னு கோச் சார் சொன்னதும் சரி. தப்பு என்மேலதான்."

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷமா ஒரு தப்பும் இல்லையேம்மா. அன்னிக்கு மட்டும் என்ன?"

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆட்ட முடிவு மாறாது என்றார்கள். நேரம் நிஜமாகவே குறைந்ததால் கோச்சுக்குத் தடை இல்லை; ஆனால் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் இனி மேசைக்கு வர வேண்டாம்.

வராந்தாவில் கோச் அண்ணனிடம் கை நீட்டினான். "தப்பா பேசிட்டேன். மன்னிச்சிடுங்க." அண்ணன் அந்தக் கையைப் பற்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோச் மெல்ல அவளிடம் வந்தான். "ஏங்க சொன்னீங்க? யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே..."

"உள்ள ஒரு கேள்விக்குப் பதிலே சொல்லலை நீங்க. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

"நீங்க பார்த்தீங்க..." குரல் உடைந்தது. "அதான்."

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"என் தலைக்கு மேலேயே போர்டுல ஆளுயர எழுத்துல நேரம் எரிஞ்சிட்டிருந்துச்சு. கண்ணை மூடிட்டுக்கூட சொல்லியிருப்பேன்... அப்புறம் எதுக்கு உங்ககிட்ட திரும்பிக் கேட்டேன்னு நினைக்கிறீங்க?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை. பயம் இருந்தது. அவளுடையதைப் போலவே!

"உங்க நாற்காலி போனதுக்கு நானும்தாங்க காரணம். உங்களைப் பார்க்காம என்னால இருக்க முடியலை. போதுமா?"

"போதும்..." என்றாள். அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. அண்ணன்! நாலடி தூரத்தில், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். 'வாடி வீட்டுக்கு' என்று இப்போது இழுத்துக்கொண்டு போகப் போகிறான்... அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். கோச்சைப் பார்த்தான். பிறகு, சற்று முன் பற்றாத அந்தக் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டு, தனியாகப் படியிறங்கிப் போனான்.