இடைநிரப்பி

ரெக்ஸ்லின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைத் தூக்கினாள். தூக்கியதும் திரையில் படம் திக்கியது. கன்டெய்னர் ஓரிடத்தில், அதன் நிழல் இன்னோர் இடத்தில்.

"இந்த வாரத்துக்குள்ள கிராஃபிக்ஸ் கார்டை மாத்தலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று மேற்பார்வையாளர் டேவிட்ராஜ் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்தே துறைமுகக் கிரேனை ஓட்டும் காலம் வந்துவிட்டதே தவிர, வீட்டுக் கணினியைக் கம்பெனி வாங்கித் தரும் காலம் வரவில்லை.

கடைக்காரர் காஜா அவளுடைய பழைய கணினியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பெரிய கார்டு போட்டா பவர் சப்ளை தாங்காது அக்கா. நீளமும் இடிக்கும். புதுசாவே வாங்கிருங்களேன்."

"அதுக்கு வழியிருந்தா இங்க ஏன் வந்து நிக்கேன்?"

"அப்போ இடைநிரப்பிதான். கரண்ட் கம்மி. எட்டுப் படத்துல ஒண்ணைத்தான் வரையும். மிச்சத்தை இப்படித்தான் இருக்கும்னு ஊகிச்சுப் போட்டுரும். நெட் லைன் போனாலும் படம் நிக்காது. போகப் போக உங்க துறைமுக யார்டையே படிச்சுக்கும்."

பழைய கார்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தாள்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. டேவிட்ராஜே பாராட்டினார். ஆனாலும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையில் யாரும் தடுக்கி விழுவதில்லை, ஒரு காகிதம்கூடப் பறப்பதில்லை. நன்றாக இருக்கிற படத்தில் எதைக் குறை சொல்வது?

அவள் கணவன் மிக்கேலுக்கு அதே யார்டில் தரைவேலை. கன்டெய்னர் இறங்கும் இடத்தில் ஆள் இல்லையென்று பார்த்துவிட்டு, மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி, கேமராவுக்குக் கவிழ்த்துக் காட்டுவான். விதிப்படி அவள் பச்சை விளக்குக்குக் காத்திருக்க வேண்டும். புருஷனைவிடவா ஒரு விளக்கை நம்புவது? ஹெல்மெட் கவிழ்ந்ததும் இறக்கிவிடுவாள்.

அன்று காலையும் திரையில் மிக்கேல் சுற்றிலும் பார்த்தான். ஹெல்மெட்டைக் கவிழ்த்தான். அவள் கன்டெய்னரை இறக்கப் பிடியைத் தள்ளினாள்.

பின்னால் கதவு திறந்தது.

"ரெக்ஸி, குடிக்கத் தண்ணி கொடு. காய்ச்சல்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. என் இடத்துல ரெண்டு புது ஆளுங்க நிக்காங்க. பாவம், ஒண்ணும் தெரியாது."

வாசலில் மிக்கேல். திரையிலும் மிக்கேல்.

கிரேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். கன்டெய்னர் நின்றுவிட்டதா? யார் தலைக்கு மேல்? திரையில் அது என்றும்போல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. மிக்கேலைத் தவிரப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

டேவிட்ராஜ் அழைத்தார். அவரும் வீட்டிலிருந்தேதான் மேற்பார்க்கிறார்.

"எதுக்கு நிப்பாட்டுனீங்க? அதான் இறங்கிடுச்சே! மிக்கேல்கூட ஹெல்மெட்டைக் காட்டுறாரே. நானும் நேத்து உங்களுது மாதிரி கார்டைத்தான் போட்டேன். படம் என்ன தெளிவு!"

மிக்கேல், கேட்டில் நம்பர் வாங்கியிருந்த புது ஆள் ஒருவருக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.